தம்பிக்கு நியூமோனியா, கூடவே எச்.ஐ.வி.: ஓர் அக்காவின் கேள்விகளுக்கு வைத்தியரின் பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்யும் 37 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, அவருடைய கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கொழும்பில் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை பார்த்த அவருடைய தம்பிக்கு வயது 29. மூன்று கிழமை வரட்டு இருமலோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. உடம்பு மெலிந்தது. லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிடும் அளவுக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நியூமோனியா என்றார்கள். சில நாள் கழித்துத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு எச்.ஐ.வி. இருப்பதையும், நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 68 என்பதையும் சொன்னார்கள். இரண்டு கிழமை வார்ட்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இப்போது பத்து நாள். 21 நாள் மருந்து முடிந்துவிட்டது. தினமும் கோட்ரிமொக்சசோல் என்ற கிருமிகொல்லி மாத்திரையும் எச்.ஐ.வி. மாத்திரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். "பனியில நனைஞ்சதாலதான் நெஞ்சில சளி கட்டிருச்சு" என்கிறார் அம்மா. ஆனாலும் தம்பிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, படுக்கையை இஸ்தோப்புக்கு (வெளித் திண்ணைக்கு) மாற்றிவிட்டார். அக்காவின் 4 வயதுப் பிள்ளையும் 9 வயதுப் பிள்ளையும் மாமாவிடம் போகக் கூடாதாம். டிஸ்பென்சரியில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைக் கிழித்துவிடலாமா என யோசிக்கிறார்கள். தம்பியோ, இருமல் நின்றுவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்கிறார். இதற்கிடையில் மஸ்கெலியா பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து, தை மாதம் பரிசம் போடுவதாகப் பேச்சு நடந்திருக்கிறது. "நான் தினமும் இருபது பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிறேன், சேர். நான் வேலையை விட்டுவிட வேண்டுமா? தம்பி பிழைப்பானா? பெண் வீட்டுக்கு என்ன சொல்வது? விஷயம் வெளியே தெரிந்து எங்களை ஒதுக்கினால் சட்டம் உதவுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளில் அவசரமான ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டையுமே நிறுத்தக் கூடாது. இந்தக் கடிதத்தில் வேறெதையும் நீங்கள் வாசிக்காவிட்டாலும் இதை இன்றைக்கே தம்பியிடம் சொல்லுங்கள்.

தம்பி பிழைப்பாரா என்று கேட்டீர்கள். மிக ஆபத்தான கட்டத்தை அவர் வார்ட்டிலேயே தாண்டிவிட்டார். சி.டி.4 எண்ணிக்கை 68 என்பது மிகக் குறைவு. அதை மறைத்துப் பேசமாட்டேன். அடுத்த சில மாதங்கள் கவனமாக இருக்க வேண்டியவை. ஆனால் எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்கள் இன்று மற்றவர்களைப் போல வேலை செய்து, குடும்பம் நடத்தி, வயதாகும்வரை வாழ்கிறார்கள். நியூமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கேதான் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்களும் அதில் அடக்கம்.

பனி செய்த வேலை இல்லை

அம்மாவின் மேல் குறை சொல்லவில்லை. நமது மலைகளில் ஆடி மாதக் காற்றும் மழையும் பனியும் நெஞ்சு நோயை வளர்க்கும் என்று தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். குளிர் காலத்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காம்பராவில் முடங்குவதால் சளிக்காய்ச்சல் எளிதில் பரவும் என்பதும் உண்மைதான். ஆனால் தம்பிக்கு வந்தது பனியால் வந்ததல்ல. அவருக்கு நோய் தொடங்கியதே கொழும்புச் சூட்டில்.

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால், அவருக்கு வந்தது நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைக் கிருமியால் ஏற்படும் நியூமோனியா என்றே தோன்றுகிறது. வரட்டு இருமல், கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிய மூச்சு வாங்கல், படி ஏறினால் மோசமாவது, சாதாரண அன்டிபயோட்டிக்குக் கேட்காதது, பிறகு கோட்ரிமொக்சசோலைப் பெரிய அளவில் 21 நாள் கொடுத்தது எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. டயக்னோசிஸ் கார்டில் 'பீ.சீ.பீ.' அல்லது 'பீ.ஜே.பீ.' என்று இருக்கிறதா பாருங்கள்.

இந்தக் கிருமி நம் எல்லோரையும் சுற்றி இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் மூன்று நான்கு வயதுக்குள் இதைச் சந்தித்துவிடுகிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. மழை எல்லா மலைச் சரிவிலும்தான் பெய்கிறது. வேர் அற்றுப்போன சரிவுதான் இடிந்து விழுகிறது. சி.டி.4 என்பது நோய் எதிர்ப்புக்கான வெள்ளணுக்களில் ஒரு வகை. சாதாரணமாக ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கும். 200க்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கிறது.

68க்கு இறங்குவது ஓரிரு மாதத்தில் நடப்பதல்ல. சில வருடங்களாகவே வைரஸ் அவர் உடம்பில் இருந்திருக்கலாம். ஆகவே 'எங்க போய் வாங்கிட்டு வந்தே' என்ற விசாரணையை வீட்டில் நிறுத்துங்கள். அதற்குக் கிடைக்கும் எந்தப் பதிலும் அவருடைய நுரையீரலுக்கு உதவாது. கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் வீட்டைவிட்டுப் போவார். போகும்போது மாத்திரையும் விட்டுப்போகும்.

டிஸ்பென்சரியில் இருப்பவரையும் பழி சொல்ல வேண்டாம். எக்ஸ்ரே இல்லாத இடத்தில், காய்ச்சலும் இருமலுமாக வந்த இளைஞனுக்கு முதல் தடவை அன்டிபயோட்டிக் கொடுப்பது வழக்கமானதுதான். இரண்டாம் தடவையும் கேட்காதபோதே மேலே அனுப்பியிருந்தால் நல்லது. இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருக்கும் எவரும் காசநோய்ச் சளிப் பரிசோதனை கேட்க வேண்டும். காரணம் தெரியாத நியூமோனியா என்றால் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனையையும் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமே இல்லை.

எந்த நியூமோனியா என்று ஏன் கேட்கச் சொல்கிறேன்

எச்.ஐ.வி. உள்ளவருக்கு நெஞ்சில் வரும் நோய் எல்லாம் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்டால், பிள்ளைகளைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பக்டீரியாவால் வரும் நியூமோனியா திடீரென்று வரும். ஒரே நாளில் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் அல்லது துரு நிறச் சளி, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து. சி.டி.4 நன்றாக இருப்பவருக்கும் வரலாம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். சிகரெட், பீடி குடிப்பவர்களுக்கு இன்னும் கூடும். நியூமோசிஸ்டிஸ், நான் சொன்னபடி, மெதுவாக வருவது. தொடக்கத்தில் எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம். படி ஏறும்போதுதான் ஒக்சிஜன் இறங்குவது தெரியும்.

மூன்றாவது காசநோய். உலகம் முழுவதும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் உயிரை அதிகமாக எடுப்பது இதுதான். கிழமைக்கணக்கில் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு என்று நியூமோசிஸ்டிஸைப் போலவே வேஷம் போடும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

ஆகவே அடுத்த கிளினிக் நாளில், "சளியைக் காசநோய்க்குப் பார்த்தீர்களா? முடிவு என்ன?" என்று தம்பி கேட்க வேண்டும். காசநோய் இல்லையென்றால், அதைத் தடுக்கும் மாத்திரை தேவையா என்பதை வைத்தியர் முடிவு செய்வார். இருந்தால் ஆறு மாத மருந்து, அரச மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசம். அந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிரின் சக்தியைக் குறைக்கும்; அந்தக் காலத்தில் டோலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு தடவை கொடுப்பார்கள். இரண்டு கிளினிக்கும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். ஓரிடத்தில் ஒன்றை மறைத்தால் மறுமருந்து வீணாகும்.

இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு

21 நாள் கொடுத்தது நுரையீரலில் இருந்த நோயைத் தீர்க்க. இப்போது கொடுப்பது அது திரும்பாமல் இருக்க. மருந்து ஒன்றுதான், வேலை வேறு. எச்.ஐ.வி. மாத்திரையின் உதவியால் சி.டி.4 மெல்ல ஏறி, 200க்கு மேல் குறைந்தது மூன்று மாதம் நிலைத்தால்தான் கோட்ரிமொக்சசோலை நிறுத்தலாமா என்று வைத்தியர் பார்ப்பார். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எச்.ஐ.வி. மாத்திரை வாழ்நாள் முழுக்க.

1981 ஜூன் மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸில், அதுவரை ஆரோக்கியமாக இருந்த ஐந்து இளைஞர்களுக்கு இந்த நியூமோசிஸ்டிஸ் நியூமோனியா வந்ததாக வெளியான சிறு அறிக்கைதான், எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயை மருத்துவ உலகுக்கு முதலில் காட்டியது. அன்று நுரையீரலுக்கு மருந்து கொடுக்க முடிந்தது. அடியில் இருந்த வைரஸுக்கு எதுவும் இல்லை. அதனால் அந்தத் தலைமுறையில் ஏராளமானோர் இறந்தார்கள். உங்கள் தம்பிக்கு இரண்டுக்கும் மருந்து கையில் இருக்கிறது. இலங்கையில் 2004 முதல் எச்.ஐ.வி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அதை அவர் அலுமாரியில் வைத்துவிட்டு இருப்பதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

மாத்திரை பற்றி இன்னும் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும்.

கோட்ரிமொக்சசோல் சிலருக்கு ஒவ்வாது. லேசான அரிப்பும் சிவப்பும் வந்தால் கிளினிக்கில் காட்டிவிட்டு அவர்கள் சொல்வது போலச் செய்யுங்கள். பலருக்கு மருந்தை மாற்றாமலே சமாளிக்க முடிகிறது. ஆனால் தோலில் கொப்புளம், வாய்க்குள் புண், கண் சிவந்து எரிவது, தோல் உரிவது இவற்றில் எது வந்தாலும் அந்த மாத்திரையை உடனே நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது, எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் திரும்ப வருவது. தூங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி எழும்பி, உள்ளே மிச்சமிருக்கும் கிருமியோடு போராடுவதால் வருவது அது. "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

மூன்றாவது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி: "எனக்குக் கிளினிக்கில் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் கல்சியத்தையும் காலையில் வெறும் வயிற்றில் அவனுக்கும் கொடுக்கிறேன், கேஸ்டிக் மருந்தும் குடிக்கிறான்." பாசத்தோடு செய்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் எச்.ஐ.வி.க்கு இப்போது பெரும்பாலும் தரும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. இரும்பு, கல்சியம், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து எல்லாம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்; உடம்பில் சேராது. எச்.ஐ.வி. மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து மற்றவற்றைக் கொடுங்கள். மற்றவற்றை முதலில் கொடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுங்கள். இரும்பையும் கல்சியத்தையும் மட்டும், வயிறு நிறையச் சாப்பிடும்போது எச்.ஐ.வி. மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாம். கேஸ்டிக் மருந்துக்கு இது பொருந்தாது. அவருக்கு இரும்புச்சத்து தேவைதானா என்பதையும் கேளுங்கள். உங்களுக்குத் தந்த மாத்திரை உங்களுக்குத்தான் வேண்டும். பிள்ளைகளைத் தூக்கி நாள் முழுக்க நிற்பவர் நீங்கள்.

கொத்தமல்லி, இஞ்சி அவித்துக் கொடுப்பதில் தடையில்லை. யாரோ தந்த, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத தூள், லேகியம் எதுவும் வேண்டாம். கசிப்பு வேண்டவே வேண்டாம். குடித்த இரவு மாத்திரை மறந்துபோகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பேசும்போதே மூச்சு வாங்குவது, உதடு நீலம் பாய்வது, நடுங்கிக் காய்ச்சல், மயக்கம் அல்லது தடுமாறிப் பேசுவது, நெஞ்சின் ஒரு பக்கம் திடீரென்று குத்தி மூச்சு அடைப்பது. கடைசியில் சொன்னது நியூமோசிஸ்டிஸ் வந்த நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிவதாக இருக்கலாம். முன்பு சிரமமில்லாமல் ஏறிய படியில் மறுபடி உட்கார்ந்தால் அதுவும் எச்சரிக்கைதான். விரலில் மாட்டும் ஒக்சிஜன் மீற்றர் இருந்தால், சும்மா இருக்கும்போது ஒரு தடவையும் கொஞ்சம் நடந்த பிறகு ஒரு தடவையும் பாருங்கள். நமது உயரத்தில் ஒன்றிரண்டு குறைவாகக் காட்டுவது இயல்பு. ஆனால் 94க்குக் கீழே நிற்பதும், நடந்தால் மூன்று நான்கு இறங்குவதும் இயல்பல்ல.

சுவசெரிய அம்புலன்ஸை 1990க்கு அழைத்தால் இலவசமாக வரும். தோட்டத்து ரோட்டு மோசமென்றால் ஓட்டோவில் பெரிய ரோட்டுவரை கொண்டுவந்து நில்லுங்கள். வெளிச்சம் வரட்டும் என்று விடியும்வரை காத்திருந்து கைவிட்டுப்போன உயிர்கள் நமது மலைகளில் போதும்.

அந்த நேரத்தில் டயக்னோசிஸ் கார்ட் கையில் இருக்க வேண்டும். அதைக் கிழித்துவிட்டால், இரவு டியூட்டியில் இருக்கும் வைத்தியர் மறுபடி சாதாரண நியூமோனியா என்று நினைத்துத் தொடங்குவார். அந்த இரண்டு நாள் தாமதம் உயிரை எடுக்கலாம். உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். வைத்தியரிடமும் தாதியிடமும் மட்டும் காட்டுங்கள்.

தட்டு, டம்ளர், இஸ்தோப்பு

எச்.ஐ.வி. தட்டால் பரவாது. எச்சில், இருமல், வியர்வை, ஒரே பாத்ரூம், கட்டிப்பிடிப்பது, முத்தம் எதனாலும் பரவாது. நுளம்பாலும் பரவாது. ஆணுறை இல்லாத உடலுறவு, இரத்தம், பகிர்ந்துகொள்ளும் ஊசி, சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் பிள்ளைக்கு, இவைதான் வழிகள். சவரக் கத்தியும் பல்துலக்கியும் தனியாக இருக்கட்டும். அது எந்த வீட்டிலும் இருக்க வேண்டிய பழக்கம். நியூமோசிஸ்டிஸும் ஆரோக்கியமான உங்களையும் பிள்ளைகளையும் ஒன்றும் செய்யாது.

தம்பியை இஸ்தோப்பிலிருந்து இன்றைக்கே உள்ளே கொண்டு வாருங்கள். பனியால் நோய் வந்ததென்று நம்பும் அம்மாவே அவரைப் பனியில் படுக்க வைத்திருக்கிறார். பயம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். உள்ளே வரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, ஜன்னல் பக்கம் படுக்கட்டும். விறகுப் புகை ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலுக்குக் கூடாது. அவருடைய தட்டில் ஒரு நாள் நீங்கள் எல்லோர் முன்னாலும் சாப்பிட்டால், நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அம்மாவுக்கு அது புரியும்.

நீங்கள் பிள்ளைக் காம்பரா வேலையை விட வேண்டியதில்லை. உங்களுக்கு எந்த நோயும் இல்லை. தம்பிக்கு இருப்பதும் உங்கள் கைவழியாக ஒரு பிள்ளைக்கும் போகாது. நாளைக்கே வேலைக்குப் போங்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தால், ஒரே வீட்டில் இருந்த உங்களையும் இரு பிள்ளைகளையும் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதிப்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட சின்னவருக்குத் தடுப்பு மாத்திரையும் தரலாம். அதுவும் எச்.ஐ.வி.யைப் பற்றிய பேச்சு இல்லாமலே நடக்கும்.

யாருக்குத் தெரிய வேண்டும்

லயத்தின் சுவர் மெல்லியது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ரகசியம் காக்க வேண்டுமென்ற உங்கள் தவிப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தம்பியின் நோயைத் தோட்டத்து நிர்வாகத்துக்கோ, கோயில் கமிட்டிக்கோ, பக்கத்து வீட்டுக்கோ சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. நியூமோனியா வந்து தேறுகிறார் என்று சொன்னால் அது பொய்யும் அல்ல.

ஆனால் ரகசியம் காப்பதற்காகக் கிளினிக்கைத் தவறவிட்டால் அந்த ரகசியமே அவரைக் கொன்றுவிடும். எச்.ஐ.வி. மருந்து தரும் அருகிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று பயந்தால், கண்டியிலோ பதுளையிலோ காட்டலாம். வேறு வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம், காசு இல்லை. கொழும்பில் வேலைக்குத் திரும்பினால் அங்குள்ள நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கிருந்து மாற்றக் கடிதம் வாங்கிக்கொண்டு, கையில் ஒரு மாத மாத்திரையோடு போகட்டும். மாத்திரையை விற்றமின் போத்தலில் போட்டு வைத்தாலும் சரி. நாள் தவறாமல் போட்டால் போதும். குசினி வேலைக்கும் தடையில்லை, சாப்பாட்டால் எச்.ஐ.வி. பரவாது. உடம்பு தேறும்வரை மட்டும் பொறுக்கட்டும்.

சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எச்.ஐ.வி. வதந்தியால் பாடசாலைக் கதவு மூடப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கில், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்பதை 2016இல் நமது உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பெயர் வெளியாகி, வேலையிலோ பாடசாலையிலோ ஒதுக்கினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும். போராடும் நாள் வந்தால் தனியாக இருக்கமாட்டீர்கள்.

மஸ்கெலியாப் பெண்

இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். "கலியாணம் முடிந்தால் பொறுப்பு வரும், மருந்தும் ஒழுங்காகப் போடுவான், பெண்ணுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடக்கக் கூடாது. அந்தப் பெண்ணும் யாரோ ஒரு வீட்டுத் தங்கச்சி. தெரியாமல் அவரை ஆபத்தில் விடுவது அநியாயம். உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனயீனமாகவோ வேண்டுமென்றோ பரப்பக்கூடிய செயலை நமது தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமாகவே சொல்கிறது.

அதே நேரம், நீங்கள் ஓடிப்போய் பெண் வீட்டாரிடம் சொல்லவும் கூடாது. அது உங்களுடைய ரகசியம் அல்ல, தம்பியுடையது. பெரியவர்கள் கூடிய இடத்தில் அவிழ்த்தால் இரண்டு தோட்டத்துக்கும் பரவிவிடும். இப்போதைக்குச் செய்யக்கூடியது எளிது: "நுரையீரல் ஆற ஒரு வருடம் வேண்டுமென்று வைத்தியர் சொல்லிவிட்டார், பரிசம் இப்போது வேண்டாம்" என்று தள்ளிப்போடுங்கள். என் பெயரில் சொன்னாலும் பரவாயில்லை. பெண் வீட்டார் காத்திருக்க மறுத்தால் அந்தப் பேச்சு அதோடு முடியட்டும்.

ஒரு வருடம் என்பது வெறும் சாக்கு அல்ல. மாத்திரையை ஒழுங்காக எடுத்தால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி நிலைத்திருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவால் எச்.ஐ.வி. துணைக்குப் பரவாது. வெறும் நம்பிக்கையில் சொல்வதல்ல, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத ஏராளமான ஜோடிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்தது. அந்த நிலையில் அவர்கள் சாதாரணமாகப் பிள்ளையும் பெறலாம். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால்கூடப் பிள்ளைக்குப் போகாமல் காக்கும் வேலையில் இலங்கை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று தந்தது.

ஆகவே தம்பிக்குக் கலியாணம் இல்லை என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் எந்தப் பெண்ணானாலும் பரிசத்துக்கு முன்னால், தம்பியே தன் வாயால், கிளினிக்கில் ஆலோசகர் பக்கத்தில் இருக்க, அவரிடம் நேரே சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்று போகும் உரிமை அவருக்கு உண்டு. கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கும்படி கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு. கொழும்பில் அவருக்கு முன்பு துணை யாராவது இருந்திருந்தால், அவரும் பரிசோதிக்க வேண்டும். பெயரைச் சொல்லாமலே அழைக்கும் வழி கிளினிக்கில் இருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குத் தம்பியோடு நீங்களும் போங்கள், அவர் சம்மதித்தால். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: காசநோய்ச் சளி முடிவு, அடுத்த சி.டி.4 மற்றும் வைரஸ் அளவுப் பரிசோதனை எப்போது, நியூமோகொக்கல் தடுப்பூசியும் வருடாந்த இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும் எங்கே கிடைக்கும், எவ்வளவு காசாகும். சி.டி.4 இந்த அளவில் இருக்கும்போது உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளை அவருக்குப் போடக் கூடாது. வேறிடத்தில் யாராவது ஊசி போடச் சொன்னால் முதலில் கிளினிக்கில் கேட்கட்டும். சிகரெட் குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பாரென்றால் அதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்; நிறுத்துவதற்கும் அங்கே உதவி கேட்கலாம்.